நாகர்கோவில் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் போஸ்ட்டாக்: 200 மெயிலுக்கு ஏன் பதில் வரவில்லை?

கேள்வி: கருங்கல் பக்கத்து வாசகர், 11 ஜூன் 2024

அக்கா, எனக்கு 34 வயது. தனியார் பொறியியல் கல்லூரியில் 9 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பார்ட் டைம் பி.எச்.டி., பிப்ரவரியில் வைவா, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் கலந்து எழுதும் பதிவுகளில் வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிப்பதுதான் என் தலைப்பு. ஜர்னலில் 5 பேப்பர் இருக்கிறது. போஸ்ட்டாக், அதாவது பி.எச்.டி.க்குப் பிறகு செய்யும் ஒப்பந்த ஆராய்ச்சி வேலை கேட்டு ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா என்று 200 பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். 3 பதில் வந்தது, மூன்றிலும் 'இடம் இல்லை'. நம்ம ஊர்க் கல்லூரியில் படித்தவனுக்கு இதெல்லாம் நடக்காது என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

12 ஜூன் 2024, இரவு

நடக்கும் தம்பி. எனக்கு நடந்தது. தக்கலைப் பக்கம் வீடு, படிப்பு முழுக்க இந்த மாவட்டத்துக்குள். 2018இல் வைவா, 2019 நவம்பரில் பிரான்சில் வேலைக்குச் சேர்ந்தேன். நடுவில் போன ஒன்றரை வருடத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நானும் முதலில் 140 மெயில் அனுப்பினேன். எல்லாம் ஒரே மெயில், மேலே பெயர் மட்டும் மாறும். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, நான் கடின உழைப்பாளி, உங்கள் ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டேன், ஒரு வாய்ப்பு தாருங்கள், ரெஸ்யூம் இணைத்துள்ளேன். அந்த மெயிலை யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். அதனால்தான் யாரும் அதைத் தனக்கு வந்ததாக நினைக்கவில்லை.

நாம் வளர்ந்த இடத்தில் வேலை என்றால் காலியிடம். டிஎன்பிஎஸ்சி மாதிரி அறிவிப்பு வரும், விண்ணப்பிப்போம். போஸ்ட்டாக்கில் பெரும்பாலும் ஒரு பேராசிரியர் கையில் ஒரு புராஜெக்ட் இருக்கும், அதில் ஒன்றிரண்டு வருடத்துக்குப் பணம் இருக்கும், முடித்தே ஆக வேண்டிய ஒரு வேலை இருக்கும். அவர் தேடுவது அந்த வேலையில் ஏற்கெனவே கை வைத்த ஆளை. ஆகவே காலியிடத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். வேலை விளம்பரப் பட்டியல்களைப் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

200ஐ நிறுத்துங்கள். பத்துப் பேர் போதும். பத்துப் பேரின் கடைசி இரண்டு வருடப் பேப்பர்களைப் படியுங்கள்.

13 ஜூன் 2024

34 வயது என்று எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றி நேற்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வெளிநாட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் உங்கள் வயதைப் பார்ப்பதில்லை, முனைவர் பட்டத்தின் வயதைத்தான் பார்ப்பார்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்பில் போஸ்ட்டாக் பிரிவுக்குப் பட்டம் முடிந்து 4 ஆண்டுக்குள். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் என்றால் 6 ஆண்டுக்குள். ஐரோப்பாவின் மேரி கியூரி என்றால் 8 ஆண்டுக்குள். பிப்ரவரியில்தான் வைவா முடித்தீர்கள், அந்தக் கடிகாரம் உங்களுக்கு இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது.

இந்தியாவில் வயதைப் பார்க்கும் திட்டம் உண்டு. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியமான செர்ப் நடத்திய நேஷனல் போஸ்ட்டாக்கில் உச்சவரம்பு 35. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு. செர்ப் இப்போது 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஏஎன்ஆர்எஃப் என்ற புதிய நிதி அமைப்புக்குள் போய்விட்டது, ஆகவே புதிய அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள்.

எங்கள் அப்பா அடிக்கடி சொல்வார், 'சரக்கல்விளை சிவனைப் பாரு' என்று. இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் சார் 1957இல் பிறந்தவர், ஐஐடி பம்பாயில் டாக்டர் பட்டம் வாங்கியது 2006இல். அவர் கதை வேறு, கையில் நிரந்தர வேலை இருந்தது. ஆனாலும் 34 வயதில் காலம் போய்விட்டது என்று நினைக்கிற ஆளுக்கு அந்தக் கணக்கு ஒன்று போதும்.

15 ஜூன் 2024

மெயிலில் என்னதான் எழுதுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மெயிலையே சொல்கிறேன். அதற்கு முன் என் ஆராய்ச்சி என்னவென்று தெரிய வேண்டும்.

நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. பழைய நிலப் பத்திரங்கள், பெரியவர்கள் ஆதாரம் என்றும் பிரமாணம் என்றும் சொல்வார்களே, அதில் ஏகப்பட்டது மலையாளத்தில் இருக்கும். சொத்தை விற்கப் போனால் அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைய வேண்டும். என் பி.எச்.டி. அந்தக் கையெழுத்துப் பத்திரங்களைக் கம்ப்யூட்டர் வாசிக்க வைப்பது. எங்கள் வீட்டுப் பத்திரம், சொந்தக்காரர்கள் வீட்டுப் பத்திரம் என்று கெஞ்சி வாங்கி ஸ்கேன் செய்தேன். ஒரு சித்தப்பா பத்திரத்தைக் கையில் கொடுக்கவே இல்லை. அவர் பிடித்துக்கொள்ள நான் மேலே நின்று போட்டோ எடுத்தேன்.

மெயில் மொத்தம் ஏழு வரி. தமிழில் சொன்னால் இப்படி: 'வரிகளைப் பிரிக்க நீங்கள் 2016இல் எழுதிய முறையை எங்கள் பத்திரங்களில் ஓட்டிப் பார்த்தேன். பழைய மலையாள எழுத்தில் கூட்டெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும். அந்த இடங்களில் உங்கள் முறை இரண்டு வரிகளை ஒன்றாக ஒட்டிவிடுகிறது. 40 பக்கப் படமும் வந்த முடிவும் இந்த இணைப்பில் உள்ளன. நான் செய்து பார்த்த ஒரு திருத்தம் பாதிப் பிழையைத்தான் குறைத்தது. மீதிக்கு என்ன வழி என்று உங்களிடம் கேட்க விரும்புகிறேன். 2019இல் போஸ்ட்டாக் சேரத் தயாராக இருக்கிறேன்.'

மூன்றாம் நாள் பதில் வந்தது. பணம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. 'பெரிய படங்களாக அனுப்ப முடியுமா?' என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த மெயிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

15 ஜூன் 2024, பின்னேரம்

ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் பார்த்தால் முன்பின் தெரியாத ஆளுக்கு மெயில் போட்டேன் என்று தோன்றும். முழு உண்மை அதில்லை. ஆவணங்களைக் கம்ப்யூட்டர் வாசிப்பது பற்றி 2017 நவம்பரில் கியோட்டோவில் நடந்த ஐசிடிஏஆர் மாநாட்டோடு பழைய ஆவணங்களுக்கென்று ஒரு பட்டறை நடந்தது. அதில் எனக்கு ஒரு போஸ்டர் இருந்தது. செர்ப்பின் பயண உதவியில்தான் போனேன். நான் மெயில் போட்ட பேராசிரியர் அங்கே என் போஸ்டர் முன்னால் நாலு நிமிடம் நின்றார். மெயிலில் அந்த ஏழு வரிக்கு முன்னால் ஒரு வரியில் அதைக் குறிப்பிட்டிருந்தேன், மேலே எழுதும்போது அதை விட்டுவிட்டேன். அந்த நாலு நிமிடம் இல்லாவிட்டால் பதில் வந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது.

19 ஜூன் 2024

தம்பி உங்கள் 5 ஜர்னல் பேப்பரைப் பற்றிப் பேசத் தயங்கிக்கொண்டிருந்தேன். சொல்லியே ஆக வேண்டும்.

நம்ம பக்கத்தில் ஸ்கோப்பஸ் என்ற ஜர்னல் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம். கல்லூரி கேட்கும், பல்கலைக்கழகம் கேட்கும், பணம் கட்டினால் மூன்று மாதத்தில் போட்டுத் தருகிற ஜர்னல்களும் இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸில் வெளியே முதலில் பார்ப்பது மாநாட்டுப் பேப்பரை. நியூரிப்ஸ், ஏசிஎல், சிவிபிஆர், ஸ்டாக் என்று ஒவ்வொரு உட்பிரிவுக்கும் சில பெயர்கள் உண்டு. ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர் உங்கள் ரெஸ்யூமைத் திறப்பதற்கு முன்னாலேயே டிபிஎல்பி-யில் பெயரைப் போட்டுப் பார்ப்பார். 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர்களின் பட்டியல் அது. அங்கே பெயர் வரவில்லை என்றால் நீங்கள் செய்தது என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை.

உங்கள் தலைப்புக்கு ஒரு நேர் வழி இருக்கிறது. திராவிட மொழிகளுக்கான டிராவிடியன்லாங்டெக் என்ற பட்டறை 2021 முதல் பெரும்பாலும் ஏசிஎல் குடும்பத்து மாநாடுகளோடு, அதாவது கம்ப்யூட்டர் மொழியாய்வு மாநாடுகளோடு நடக்கிறது. தமிழ், மலையாளம், கன்னடத்தில் கலப்பு மொழிப் பதிவுகளை வைத்துப் போட்டி வைப்பார்கள். தரவு அவர்களே தருவார்கள். கலந்துகொண்டு ஒரு பேப்பர் எழுதினால் ஏசிஎல் ஆந்தாலஜி என்ற இணையத் தொகுப்பில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். பெரிய மாநாட்டுப் பேப்பருக்கு அது ஈடாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'இதைப் படியுங்கள்' என்று அனுப்ப ஒரு லிங்க் கையில் இருக்கும். நீங்கள் எழுதிய புரோகிராமையும் கிட்ஹப் என்ற பொதுத் தளத்தில் போடுங்கள், ஓடுகிற மாதிரி.

20 ஜூன் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மனம் உடைந்துபோனதாகத் தம்பி எழுதியிருக்கிறார். ஐந்து பேப்பரும் வீண் என்று நான் சொல்லவில்லை. அதில் மூன்றாவதைப் படித்தேன். ஒரே சொல் மார்த்தாண்டத்தில் கேலி, மதுரையில் வசவு என்று ஆட்களை வைத்துக் குறித்திருக்கிறீர்களே, அது நல்ல வேலை. அந்தத் தரவை எங்கேயும் வெளியிடவில்லை, அதுதான் வருத்தம். அதை முதலில் வெளியே கொண்டுவாருங்கள்.

2 ஜூலை 2024

பட்டியல்களைப் பார்க்க வேண்டாம் என்று எழுதியது தவறு. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் ஒரு தோழி சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் டென்மார்க் போனதே ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான். சரி, என் அனுபவம் ஒன்றை எல்லாருக்கும் சட்டமாக்கிவிட்டேன்.

அவள் சொன்னதும் நான் பார்த்ததும் சேர்த்து: ஐரோப்பாவுக்கு யூராக்செஸ். பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே. நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர். அமெரிக்காவுக்கு அங்குள்ள கம்ப்யூட்டர் ஆராய்ச்சிச் சங்கமான சிஆர்ஏ-யின் பக்கமும் அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைனும். பிரான்சின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான இன்ரியா தன் தளத்திலேயே போடும். இவற்றைவிட அந்தந்தத் துறையின் மெயிலிங் லிஸ்டில் சேர்வது முக்கியம். டேட்டாபேஸ்காரர்களுக்கு டிபிவேர்ல்ட், அல்காரிதம் பக்கம் தியரிநெட், மொழி ஆய்வுக்கு கார்ப்போரா லிஸ்ட். சில இடங்கள் அங்கே மட்டும்தான் வரும்.

காலமும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில், அதிலும் தியரி பக்கம், அக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் விண்ணப்பித்தால் அடுத்த செப்டம்பரில் சேர வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் புராஜெக்டுக்குப் பணம் வந்த அன்றைக்கு விளம்பரம், வருடம் முழுக்க வரும்.

விளம்பரத்தைப் பார்த்தாலும் அதில் பெயர் இருக்கும் ஆளின் பேப்பரைப் படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பேச்சை மட்டும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

8 ஜூலை 2024

'ஒரு ஏஜென்சி மூன்று லட்சம் கேட்கிறது, போஸ்ட்டாக் உறுதி என்கிறது, கட்டலாமா?' என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருக்கிறார். கட்டாதீர்கள். கட்டவே கட்டாதீர்கள். போஸ்ட்டாக் என்றால் அவர்கள்தான் நமக்குச் சம்பளம் தர வேண்டும். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க ஒரு காரணமும் கிடையாது. விசாக் கட்டணம், சான்றிதழ் செலவு தவிர ஒரு ரூபாய் வேண்டாம்.

இந்த ஊரில் இந்தக் குழப்பம் வருவது இயல்பு. கல்ஃபுக்குப் போனவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, அங்கே விசா என்றால் பணம். எனக்கு ஆஃபர் வந்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, 'மக்ளே, ஏஜென்டுக்கு எவ்வளவு குடுக்கணும்?' இல்லை என்றேன். 'சும்மாவா கூட்டிட்டுப் போறான்?' என்று இரண்டு நாள் நம்பவில்லை. சம்பளம் எழுதியிருந்த தாளைக் காட்டிய பிறகுதான் தூங்கினார்.

27 ஜூலை 2024

ஃபெல்லோஷிப் கதை. நீளமாகத்தான் வரும்.

பணம் பேராசிரியரிடம் இல்லை என்றால் நீங்களே பணத்தோடு போகலாம். ஹம்போல்ட், ஜேஎஸ்பிஎஸ், மேரி கியூரி எல்லாம் அந்த வகை. ஆனால் எதற்கும் முதலில் அங்கே ஏற்றுக்கொள்ளும் ஒருவர் வேண்டும். ஹம்போல்டுக்கு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஜேஎஸ்பிஎஸ்-இல் ஜப்பானில் உள்ள பேராசிரியர்தான் நமக்காக விண்ணப்பிக்கிறார், மாதம் 3,62,000 யென். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு இருக்கிறது, பட்டம் முடிந்து 4 ஆண்டுக்குள். அதில் போனால் முடிந்ததும் இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

மேரி கியூரிக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் கடைசி நாள். 2024இல் அது செப்டம்பர் 11. கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. ஊரைவிட்டே போகாத நமக்கு அந்த நிபந்தனை ஒரு பொருட்டில்லை. 8 ஆண்டு வரம்பு 2021இல் வந்தது. நான் எழுதியபோது கிடையாது.

நான் 2018 செப்டம்பரில் எழுதினேன். பத்துப் பக்கம். அந்தப் பேராசிரியரும் நானும் ஆறு வாரம் அடித்துத் திருத்தினோம். 2019 பிப்ரவரியில் முடிவு வந்தது: 86.4 மதிப்பெண், இடம் இல்லை. 85ஓ அதற்கு மேலோ வாங்கினால் 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்றைக்கு அழுதேன்.

ஏப்ரலில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. வேறொரு புராஜெக்டுக்குப் பிரெஞ்சு அரசின் பணம் கிடைத்திருக்கிறது, நாம் எழுதிய பத்துப் பக்கத்தில் பாதி அதற்கும் பொருந்தும், விண்ணப்பிக்கிறாயா? ஆறு வாரம் சேர்ந்து எழுதியதில் என்னோடு வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

28 ஜூலை 2024

'9 வருடம் கல்லூரியில் இருந்தேன், மேரி கியூரியின் 8 ஆண்டு வரம்பில் அடிபடுவேனா?' என்று கருங்கல் தம்பி கேட்கிறார். இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகான ஆராய்ச்சி அனுபவம்தான் கணக்கு. பட்டத்துக்கு முன்னால் போனது சேராது. பட்டத்துக்குப் பிறகும் ஆராய்ச்சிக்கு வெளியே வேலை பார்த்த ஆண்டுகளைக் கழித்துவிடுவார்கள்.

இன்னொன்று, நம்ம ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். வைவா முடிந்து, பட்டம் கையில் வராமல் இருந்தாலும் மேரி கியூரிக்குத் தகுதி உண்டு. எனக்கு வைவாவுக்கும் தற்காலிகப் பட்டச் சான்றிதழான புரொவிஷனலுக்கும் நடுவில் ஐந்து மாதம் ஓடியது. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன். நாலு தடவை பஸ் ஏறிப் போனேன், ஒவ்வொரு தடவையும் கோப்பு வேறு மேஜையில் இருந்தது. அந்த ஐந்து மாதத்தில் சிங்கப்பூரில் ஒரு இடம் கைநழுவியது. தீசிஸ் கொடுத்த அன்றைக்கே போஸ்ட்டாக் தேட ஆரம்பியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அதனால்தான்.

18 ஆகஸ்ட் 2024

பெயர். இதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். என் முதல் பேப்பரில் இன்ஷியல் முன்னால், இரண்டாவதில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு வந்ததில் கணவர் பெயர். டிபிஎல்பி-யில் நான் மூன்று ஆள். தேர்வுக் குழுவில் ஒருவர் என்னிடமே கேட்டார், 'இந்தப் பேப்பரை எழுதியவர் உங்கள் சகோதரியா?'

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கிற இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்துவிடுவார்கள், பெயர் தெரியவில்லை என்று பொருள். வங்கியில், சம்பளத்தில் எல்லாம் அந்த மூன்று எழுத்து கூடவே வரும்.

ஆகவே இன்றைக்கே ஒரு முடிவெடுங்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ, பேப்பரிலும் அப்படியே. ஆராய்ச்சியாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்கிட் ஒன்றை எடுத்து எல்லாப் பேப்பரையும் அதில் சேருங்கள். காசு கிடையாது. டிபிஎல்பி-க்கு எழுதினால் பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கித் தருவார்கள். எனக்கு ஆக்கித் தந்தார்கள்.

5 செப்டம்பர் 2024

சிபாரிசுக் கடிதம். கைடு 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார். அவருக்கு நேரம் இல்லை, நம்மேல் நம்பிக்கையும் இருக்கிறது. ஆனால் நாம் எழுதினால் நம் விண்ணப்பத்தின் நடையே அதிலும் வந்துவிடும், படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். நான் செய்தது இது: கைடிடம் போய் உட்கார்ந்து, என் தீசிஸில் எந்த இடத்தில் நான் அவர் சொன்னதைக் கேட்காமல் என் வழியில் போனேன் என்று மட்டும் நினைவுபடுத்தினேன். அவர் சிரித்துவிட்டு அதையே எழுதினார். நல்ல கடிதம்.

இரண்டாவது கடிதம் வெளியே உள்ள ஒருவரிடம் வாங்குங்கள். உங்கள் தரவைப் பயன்படுத்தியவர், பட்டறை நடத்தியவர், யாராவது.

28 அக்டோபர் 2024

அவசரம். இன்டர்வியூ இருப்பவர்கள் பாருங்கள். நேற்று ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். பிரான்ஸ், ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை. மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் இன்று ஒரு மணி நேரம் முன்னால் போய்க் காத்திருந்து, யாரும் வரவில்லை என்று லேப்டாப்பை மூடிவிட்டான். நல்ல வேளை, அவர்களே போன் செய்தார்கள்.

29 அக்டோபர் 2024

இன்டர்வியூ என்றதும் என்னுடையது நினைவுக்கு வருகிறது. 2019 ஜூன், தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. வீட்டில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. திங்கள்சந்தையில் அத்தான் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன். அங்கேயும் பாதியில் கரண்ட் போய், யுபிஎஸ் பீப் பீப் என்று அடிக்க ஆரம்பித்தது. அத்தான் மற்ற ஏழு கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்தார், என்னுடையது ஓட வேண்டும் என்று.

இருபது நிமிடம் பேச்சு, பிறகு கேள்வி. ஒருவர் என் கிட்ஹப் பக்கத்தைத் திரையில் திறந்தார். ஒரு வரியைக் காட்டி, 'இந்த 0.42 எங்கிருந்து வந்தது?' என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. பெரிய காரணம் எதுவும் இல்லை. பழைய பத்திரங்களில் மை மறுபக்கம் ஊறிவிடும். 30 பக்கத்தைக் கண்ணால் பார்த்து, எந்த எண்ணில் ஊறல் மறைந்து எழுத்து மட்டும் நிற்கிறதோ அதை வைத்தேன். அப்படியே சொன்னேன். 'வேறு ஊர்ப் பத்திரத்துக்கு இது சரிவருமா?' 'வராது, திருவனந்தபுரத்துப் பத்திரங்கள் பத்தில் இது தோற்றது' என்றேன். பிறகு அரை மணி நேரம் அந்த எண்ணைப் பற்றியே பேசினோம். அவர்கள் புராஜெக்டிலும் அதே சிக்கல்தான் இருந்தது என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

3 நவம்பர் 2024

இந்தியாவிலேயே இருக்க வேண்டியவர்கள் கேட்கிறார்கள், அவர்களை நான் மறந்துவிட்டேன். சென்னையில் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமான ஐஎம்எஸ்சி, சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனமான சிஎம்ஐ. தியரி பக்கம் இரண்டுமே நல்ல இடம், போஸ்ட்டாக் எடுக்கிறார்கள். பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் சி.வி.ராமன் பெயரில் போஸ்ட்டாக் உண்டு. ஐஐடிகள் தனித்தனியாக இன்ஸ்டிட்யூட் போஸ்ட்டாக் அறிவிக்கின்றன.

நாகர்கோவிலில் இருந்து சென்னை 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 70 கூட இல்லை. ஆனாலும் நாம் சென்னையைத்தான் பார்க்கிறோம். வலியமலையில் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டி, மங்கலபுரத்தில் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகம், நகரத்துக்குள்ளேயே மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மையமான சிடாக். ஒரு கருத்தரங்குக்குக் காலையில் போய் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். வெளியே உள்ள ஒரு கடிதம் வேண்டும் என்று சொன்னேனே, அது இப்படிக் கருத்தரங்குக்குப் போய்வரும் பழக்கத்தில்தான் கிடைக்கும்.

1 டிசம்பர் 2024

'குழந்தையை விட்டுவிட்டுப் போனது சரியா?' என்று குலசேகரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டாள். ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை.

நான் போனபோது மகனுக்கு நாலு வயது. கணக்கு இதுதான்: நவம்பரில் நான் போகிறேன், வீடு பிடிக்கிறேன், ஏப்ரலில் கணவரும் அவனும் வருகிறார்கள். பிரான்சில் ஆராய்ச்சியாளர் விசாவில் போகிறவரின் குடும்பத்துக்கும் விசா உண்டு. 2020 மார்ச் 17இல் அங்கே ஊரடங்கு போட்டார்கள். மார்ச் 22இல் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. அவர்கள் வரவே இல்லை. ஒப்பந்தம் முடிந்து 2021 மேயில் நான்தான் வந்தேன். பதினெட்டு மாதம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் முகக்கவசம் போட்டு வந்த என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, 'போன்ல பேசுற மாதிரி பேசு' என்றான். பேசினேன், அப்புறம்தான் வந்தான்.

சரியா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். திரும்ப ஒரு தடவை போவதாக இருந்தால் முதல் நாளே சேர்ந்து போவேன், வீடு இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தாலும். சம்பளத்தைக் கேட்பதற்கு முன் குடும்ப விசா, பள்ளிக்கூடம், வாடகை மூன்றையும் அந்தப் பேராசிரியரிடம் கேள் தங்கை. கேட்டால் தப்பாக நினைப்பார் என்று நான் கேட்கவில்லை. அங்கே போனபின் பார்த்தேன், எல்லாரும் கேட்கிறார்கள்.

4 டிசம்பர் 2024

பிரான்ஸ் போகிறவர்களுக்கு மட்டும். சில ஆய்வகங்கள் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பகுதிக்குள் இருக்கும், அவர்கள் ஊர்ச் சுருக்கெழுத்தில் ஸெட்ஆர்ஆர். ஆஃபர் வந்த பிறகும் அந்த அனுமதிக்கு இரண்டு மாதம் வரை ஆகும். அதற்கு முன் வேலையை விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டு, அங்கே சேரும் வரை சம்பளம் இல்லாமல் இருந்தேன்.

9 பிப்ரவரி 2025

கருங்கல் தம்பியிடமிருந்து செய்தி. போட்டியில் கலந்துகொண்டார், பேப்பர் எழுதி அனுப்பிவிட்டார். மார்த்தாண்டம்–மதுரை தரவை வெளியிட்டார். பிறகு 9 பேருக்கு மட்டும் மெயில் போட்டார், ஒவ்வொன்றும் தனியாக எழுதியது. 5 பேர் பதில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரிடம் பணம் இல்லை, ஒருவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார், இரண்டு பேர் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் அந்த 200இலும் இருந்தவராம். அப்போது பதில் போடாதவர்.

இதைப் படித்த அன்று வகுப்பில் என் மாணவர்களிடமும் சொன்னேன்.

16 ஏப்ரல் 2025

முதலாவது இன்டர்வியூ போய்விட்டது. வேறொருவரை எடுத்துவிட்டார்கள். தம்பி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானே பேசினேன்: ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி கேட்டு மெயில் போடுங்கள். போட்டார். பேச்சில் புராஜெக்டுக்குள் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை, செய்ததை மட்டும் சொன்னீர்கள் என்று பதில் வந்தது. அடுத்ததற்கு அவர் கடைசி ஐந்து ஸ்லைடையும் மாற்றினார்.

7 ஜூன் 2025

கிடைத்துவிட்டது. ஜெர்மனி, இரண்டு வருடம். சம்பளம் டிவி-எல் இ13. அரசாங்கச் சம்பளப் படிநிலை, அட்டவணை எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது, பேரம் பேச வேண்டியதில்லை. அனாபின் என்ற ஜெர்மன் தளத்தில் நாம் படித்த பல்கலைக்கழகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தேடி, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைக்கச் சொன்னேன். விசாவுக்கு வேண்டும்.

இன்று மாலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு மட்டிப்பழம், ஃபைல் நிறையச் சான்றிதழ். தரையில் பாயை விரித்து எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். பத்தாம் வகுப்பு சரி, பி.இ. சரி, எம்.இ. சரி. புரொவிஷனலில் அப்பா பெயரில் ஒரு 'எச்' கூடுதலாக இருக்கிறது. அவருடைய அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை வடசேரியில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அதைத் திருத்தப் போகிறார். எந்த மேஜையில் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.